பேர் வந்து தண்ணி ஊற்றுமா?

பரமத்தி வேலூரில் ஒருவர் வீடு கட்டப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், டீக்கடையிலிருந்து சம்பந்தி வீடு வரைக்கும் ஒரே யோசனைதான் வரும். "பேருள்ள ஆளாப் பாத்துக் குடுத்துருங்க. அப்பறம் நீங்க அந்தப் பக்கமே போக வேண்டியதில்லீங்க." இதில் இரண்டாவது வாக்கியம்தான் ஊரைக் கெடுப்பது. முதல் வாக்கியமும் அப்படியொன்றும் யோக்கியமானதல்ல.

பேர் எப்படி வருகிறது என்று யாராவது யோசித்திருக்கிறார்களா? கிரகப்பிரவேசத்தன்று வருகிறது. முகப்பில் பதித்த கல், கூடத்தில் ஃபால்ஸ் சீலிங், அதற்குள் மினுங்கும் விளக்கு, படிக்கட்டில் எவர்சில்வர் கைப்பிடி. வந்தவர்கள் மொய் எழுதிவிட்டு, பந்தியில் உட்கார்ந்துவிட்டு, வெற்றிலை போட்டபடி ஒரு சுற்று சுற்றிப் பார்க்கிறார்கள். "யாருங்க கட்டுனது? நல்லாப் பண்ணியிருக்காப்ல." பேர் கிடைத்துவிட்டது. அந்த வீட்டின் தூணுக்குள் என்ன இருக்கிறது, தளத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அன்றைக்கு யார் கண்ணிலும் படாது. அது தெரிய நாலைந்து மழைக்காலம் போக வேண்டும். அதற்குள் அந்தப் பேரை வைத்து இன்னும் இருபது வீடு எழும்பியிருக்கும்.

சரி, ஐந்து வருடம் கழித்துப் போய்க் கேட்டால் உண்மை வருமா? வராது. காடு விற்று, நகையை வைத்து, வங்கிக்கு இருபது வருடம் எழுதிக் கொடுத்துக் கட்டிய வீட்டை யார்தான் ஒழுகுகிறது என்பார்கள்? பெண் கேட்டு வருகிறவர்கள் காதில் விழும். மாடியை வாடகைக்குக் கேட்பவர் குறைத்துக் கேட்பார். கட்டிக் கொடுத்தவரும் பெரும்பாலும் அந்நியர் அல்ல. பங்காளி, இல்லாவிட்டால் மச்சானுக்கு வேண்டியவர். கல்யாணம் காட்சியில் முகம் பார்க்க வேண்டும். ஆகவே சுவரில் ஓதம் ஏறிய இடத்தில் பீரோவை நகர்த்தி வைத்துவிட்டு, "நல்லாத்தானுங்க கட்டிக் குடுத்தாரு" என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். குறை சொல்ல எல்லோரும் கூச்சப்படுகிற ஊரில் பேர் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருக்கும். நாம் விசாரித்தோம் என்று மார்தட்டுவது இந்த விசாரணையைத்தான்.

இதே ஊர்க்காரர்கள் வெற்றிலை வாங்கும்போது இப்படியா நடந்துகொள்கிறார்கள்? 104 கவுளி கொண்ட சுமை ஏலத்துக்கு வந்தால், யார் கொடிக்கால் என்பதோடு வியாபாரி நிற்பதில்லை. இலையைப் பார்க்கிறார், புரட்டுகிறார், முற்றலா இளசா என்று தொட்டுத்தான் விலை சொல்கிறார். நாலு நாளில் வாடிப் போகிற இலைக்கு இருக்கிற இந்தச் சந்தேகபுத்தி, பேரன் காலம் வரை நிற்க வேண்டிய சுவரிடம் மட்டும் பவ்யமாகக் கைகட்டி நிற்கிறது.

பேர் பெரிதாகப் பெரிதாக இன்னொன்றும் நடக்கிறது. வருடத்துக்கு இரண்டு வீடு கட்டிய காலத்தில் அந்த மனிதர் காலை ஏழு மணிக்குத் தளத்தில் நின்றார். கம்பி கட்டும்போது குனிந்து பார்த்தார். பேர் வந்ததே அந்தக் குனிந்து பார்த்ததற்குத்தான். இன்று அவருக்கு மோகனூரில் ஒன்று, ஜேடர்பாளையம் சாலையில் இரண்டு, கரூரில் ஒன்று, நாமக்கல்லில் ஒரு காம்ப்ளக்ஸ். உங்கள் வீட்டுக்கு வருவது அவருடைய பெயர்ப் பலகையும், அவருக்குக் கீழே ஒரு மேஸ்திரியும், அந்த மேஸ்திரி எங்கிருந்தோ சேர்த்துக்கொண்டு வந்த குழுவும்தான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்யும் அந்தப் பையன்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் சொன்னதைச் செய்கிறார்கள். சொல்கிறவர் அங்கே இல்லை என்பதுதான் விஷயம்.

ஒரு தளம் போடும் நாளைப் பார்த்தாலே இது விளங்கிவிடும். இந்தப் பகுதியில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பேருள்ளவர் எடுத்த வேலைதான். சென்ட்ரிங் தகட்டின் மேல் கம்பி விரித்திருந்தது. கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டராவது காங்கிரீட் இறங்க வேண்டும், அதற்காகக் கவர் பிளாக் வைப்பார்கள். அங்கே கவர் பிளாக் மூட்டை ஓரமாகப் பிரிக்காமலே கிடந்தது. கம்பியின் கீழே ஆங்காங்கே ஜல்லியைச் செருகியிருந்தார்கள், மற்ற இடத்தில் கம்பி தகட்டிலேயே படுத்திருந்தது. முன்பக்கம் போர்டிகோவுக்கு நாலரை அடி வெளியே நீட்டியிருந்தார்கள். அப்படித் தாங்கலில்லாமல் நீளும் பகுதிக்குப் பிரதானக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். பாரம் இழுப்பது மேல்பக்கத்தைத்தான். பாண்டு தூக்கி வந்த ஆட்கள் அந்தக் கம்பி மேலேயே ஏறி நடந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் மேலே கட்டியிருந்த கம்பி மிதிபட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டது. அதன் மேலேயே காங்கிரீட்டைக் கொட்டி மூடினார்கள். இனி அதை யாரும் பார்க்கப் போவதில்லை, போர்டிகோ சுவரோடு சேரும் இடத்தில் கோடு விழும் வரைக்கும்.

மிக்ஸர் பக்கம் வேறு கதை. கலவை கெட்டியாக இருந்தால் இழுத்துப் பரப்பக் கஷ்டம். ஒரு பையன் பக்கெட்டில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தான். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி, எம்.20 காங்கிரீட்டை நேரடி விகிதத்தில் கலக்கும்போது 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்கிறது. மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரமும் கணக்கில் சேர்ந்ததுதான். கூடுதலாக ஊற்றும் தண்ணீர் பின்னால் காய்ந்து, இருந்த இடமெல்லாம் நுண்ணிய ஓட்டையாக நிற்கும். அந்த வழியாகத்தான் ஓதமும் துருவும் போய்ச் சேரும். வீட்டுக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார் என்கிறீர்களா? மேஸ்திரிக்கு வேட்டி துண்டும், ஆட்களுக்குப் பிரியாணியும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட், அதே தர விதிப்படி இதற்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் பாத்தி வறண்டுவிடும். தூணுக்குச் சாக்கைச் சுற்றி நனைக்க வேண்டும். பேர் வந்து தண்ணி ஊற்றுமா? மோட்டார் போட வீட்டுக்காரர்தான் வர வேண்டும். ஆனால் அவரிடம்தான் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று ஊர் சொல்லியிருக்கிறதே.

மண்ணைப் பற்றிப் பேசாமல் வேலூரில் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. பரமத்திப் பக்கம் மேட்டுக்காடு. தோண்டினால் சீக்கிரமே கெட்டித் தரை வந்துவிடும். காவிரிக் கரையை ஒட்டி, ராஜா வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த வாழைத் தோட்டங்களும் கொடிக்கால்களும் மனையாகும் இடம் அப்படியல்ல. பல தலைமுறையாக உழுது, எரு போட்டு, தண்ணீர் குடித்து மெதுவாகிப் போன மண். அதன் மேல் கிராவல் அடித்து மேடாக்கி மனை விற்கிறார்கள். மேட்டுக்காட்டில் பேர் வாங்கியவர் இங்கே வந்தும் அதே ஆழத்தைத்தான் சொல்கிறார்: "அஞ்சடி போதுங்க, நம்ம கட்டுன எல்லா வீடும் அஞ்சடிதான்." மண்ணுக்கு அவர் பேர் தெரியாது. மண் பரிசோதனை கேட்டால், "மூணு ரூம் வூட்டுக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்று சிரிப்பு வேறு. அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார், அஸ்திவாரம் நமக்கு.

உள்ளூர் மேஸ்திரி, சின்ன பில்டர் என்பதால் இந்தப் பாடு, பெரிய கம்பெனி என்றால் அப்படி நடக்காது என்று நினைப்பவர்கள் உண்டு. நொய்டாவின் ஆம்ரபாலி கட்டுமான நிறுவனத்துக்கு விளம்பர முகமாக நின்றவர் மகேந்திர சிங் தோனி. இந்த நாட்டில் அதைவிடப் பெரிய பேர் ஏது? 42,000க்கும் அதிகமானோர் பணம் கட்டி வீட்டுக்காகக் காத்திருந்தார்கள். பணம் வேறு பக்கம் திருப்பப்பட்டதைக் கண்டு, 2019 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றம் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அந்த நிறுவனத்துக்கு இருந்த பதிவையே ரத்து செய்தது. மிச்ச வேலையை மத்திய அரசின் என்.பி.சி.சி. முடிக்க வேண்டியதாயிற்று. தனக்கு வர வேண்டிய பாக்கிக்காகத் தோனியே நீதிமன்றத்துக்குப் போனார். பேர் கொடுத்தவருக்கே அந்தக் கதி.

நமக்குக் கிட்டத்தில், சென்னை மவுலிவாக்கம். 2014 ஜூன் 28 மாலை, மழையில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கட்டட வேலைக்கு வந்த கூலிகள். பக்கத்தில் இருந்த ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். சி.எம்.டி.ஏ. அனுமதி இருந்த கட்டடம் அது. அனுமதிக் காகிதம் காலி இடம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று பார்க்கும். தூணுக்குள் கம்பி இருக்கிறதா என்று எட்டிப் பார்க்காது.

வேலூரில் கட்டும் தனி வீட்டுக்கு அந்தப் பார்வையும் குறைந்துகொண்டே வருகிறது. 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுபவர்களுக்குத் தமிழக அரசு 2024 ஜூலையில் சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. விண்ணப்பித்தால் உடனே அனுமதி. அலைச்சலும் லஞ்சமும் குறைந்தது நல்லதே. ஆனால் வரைபடத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் நடுவில் அரசுக் கண் எதுவும் அந்த வீட்டில் படுவதில்லை; தனி வீட்டுக்குப் பணி முடிப்புச் சான்றும் கேட்பதில்லை. ரெரா இருக்கிறதே என்பார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில், கட்டுமானக் குறை ஐந்து வருடத்துக்குள் வெளிப்பட்டால் விற்றவர் 30 நாளில் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று அருமையான பிரிவு உண்டுதான். ஆனால் நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ அந்தத் திட்டத்துக்கு ரெரா பதிவே தேவையில்லை. பன்னிரண்டு சென்ட்டுக்குள் வரிசையாக மூன்று வீடு கட்டி விற்பவர் அந்த வலையில் சிக்க மாட்டார். சொந்த மனையில் கான்ட்ராக்ட் விட்டுக் கட்டுபவருக்கோ விற்றவர் என்று ஒருவரே இல்லை, அந்தப் பிரிவு அவருக்கு உதவாது.

மிச்சமிருப்பது நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவது சேவைதான் என்று 1993லேயே உச்ச நீதிமன்றம் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் நாமக்கல்லில் போய் நின்றால் கையில் என்ன இருக்கும்? ஒப்பந்தம் எழுதவில்லை. "நமக்குள்ள எதுக்குங்க பத்திரம்?" ரசீது இல்லை, பேருள்ளவரின் பாக்கெட் டைரியில் தேதி போட்டுத் தொகை இருக்கிறது, அவர் கையெழுத்தில். எந்தக் கம்பி, எந்த சிமெண்ட் என்று ஒரு வரி கிடையாது.

பேரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடுவாரா, கூப்பிட்டால் போனை எடுப்பாரா என்பதற்குப் பேர் நல்ல சாட்சி. உங்கள் வீட்டின் தூணுக்கு அது சாட்சியில்லை. அந்தச் சாட்சிகள் வேறு, எல்லாமே கையில் பிடிக்கக் கூடியவை. தூணும் பீமும் எத்தனை கம்பி, எத்தனை எம்.எம். என்று காட்டும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங். நம்மூரில் பலரிடம் இருப்பது அறை நாலு காட்டும் அனுமதி வரைபடம் மட்டும்தான். தளம் போடும் நாளில் எடுத்து வைத்த 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகள். 28ஆம் நாள் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்தால் காங்கிரீட் எந்த ரகம் என்று எண்ணாகவே வந்துவிடும். கிரகப்பிரவேசத்தில் ஒரு பந்திக்கு ஆகும் செலவுகூட ஆகாது. ஆற்றுக்கு அக்கரையில் க.பரமத்தி கிரஷரிலிருந்து எம்.சாண்ட் வருகிறதென்றால், அந்த கிரஷருக்குப் பொதுப்பணித்துறைத் தரச்சான்று உண்டா என்ற ஒரு கேள்வி. எல்லாவற்றையும்விட, அஸ்திவாரத்துக்கும் தூணுக்கும் தளத்துக்கும் கம்பி கட்டி முடித்த அன்று வந்து பார்க்க, கட்டுபவரிடம் சம்பளம் வாங்காத ஒரு இன்ஜினியர். வரைவதும் கட்டுவதும் மேற்பார்ப்பதும் ஒரே ஆள் என்றால் அவர் தப்பை அவரே கண்டுபிடித்து உங்களிடம் சொல்வார் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

வீட்டுக்காரர்களும் சளைத்தவர்கள் அல்ல. முதல் கேள்வியே "சதுர அடி என்ன ரேட்டு?" என்பதுதான். எந்தக் கம்பி, தூண் என்ன அளவு என்று கேட்காமல் ரேட்டை மட்டும் அடித்துக் குறைத்தால், குறைந்த காசு எங்கே குறையும்? டைல்ஸில் குறையாது, அது கண்ணுக்குத் தெரியும். பாதி வேலையில் வாஸ்துக்காரர் சொன்னார் என்று தூணை நகர்த்தச் சொல்பவர்கள், ஒரு மாடிக்குப் போட்ட அஸ்திவாரத்தில் பையன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியதும் இரண்டாவது மாடி எழுப்புபவர்கள், இவர்களுக்கெல்லாம் எந்தப் பேருள்ளவர் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இத்தனையும் கேட்டால் அவர் கோபித்துக்கொள்வார் என்று பயப்படுகிறார்கள். "எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்பார். இல்லை என்று சொல்லக் கூச்சமாக இருந்தால், வங்கியில் கேட்கிறார்கள் என்று சொல்லுங்கள். அந்தப் பொய்க்குப் பாவமில்லை. பணத்தையும் வேலை முடிய முடியக் கொடுங்கள். மொத்தத் தொகையில் நூற்றுக்கு ஐந்தை நிறுத்தி, ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு சுற்று போன பிறகு தருகிறேன் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அந்த வரியைப் படித்துவிட்டு முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போடுகிறாரா என்று பாருங்கள். ஊர் முழுக்க விசாரித்தாலும் தெரியாதது அங்கேயே தெரிந்துவிடும்.