வீட்டுக்காரன் இல்லாத வீடு

"உங்க ஊர்ப் பக்கம் நல்ல ஹோம் ஸ்டே இருந்தா சொல்லுங்க. ஓனர் தொந்தரவு மட்டும் இருக்கக் கூடாது."

சென்னை, பெங்களூர் நண்பர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பது இது. பால் இல்லாத பால்கோவா எங்கே கிடைக்கும் என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வந்து கேட்கிற மாதிரிதான் இதுவும்.

மத்திய சுற்றுலா அமைச்சகம் இந்த 'தங்கலும் காலை உணவும்' திட்டத்துக்கு வைத்திருக்கும் விதியே எளிமையானது. அதிகபட்சம் 6 அறைதான் வாடகைக்கு விடலாம், வீட்டுக்காரர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். குடும்பம் இல்லையென்றால் அது வீடு கிடையாது, போர்டு மாட்டிய லாட்ஜ்.

இப்போ நடப்பது என்ன? மலையடிவாரத்தில் வெளியூர்க்காரர் ஒரு தோப்பை வாங்குகிறார். நாலு குடிசை மாதிரி ஏசி ரூம், ஒரு வாட்ச்மேன், ஒரு க்யூஆர் கோடு. பேரு மட்டும் 'பாட்டி வீடு'. பாட்டியும் கிடையாது, பேரனும் கிடையாது. ஊருக்கு மிஞ்சுவது வாட்ச்மேன் சம்பளமும், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஓடையில் கிடக்கும் பாட்டிலும்தான்.

இதுக்குப் போய் ஏன்யா இவ்வளவு கோபம் என்பீர்கள். நான் பட்டாசு பூமிக்காரன். பேர் ஒருத்தருக்கு, பொறுப்பு யாருக்குமே இல்லை என்கிற ஏற்பாடு என்ன செய்யும் என்று இங்கே பார்த்திருக்கிறோம்.

1923-ல அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மானாவாரிக் கரிசல், வடகிழக்குப் பருவமழையை நம்பிய வெள்ளாமை, மீதி நாளெல்லாம் வெயில். அந்த வெயில்தான் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதாக இருந்தது. ஊரே அதில் பிழைத்தது, நான் மறுக்கவில்லை. ஆனா பிற்பாடு 'உள்குத்தகை' என்று ஒண்ணு வந்தது. லைசென்ஸ் ஒருத்தர் பேரில் இருக்கும். ஆலையின் அறைகளைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் குத்தகைக்கு விட்டுவிடுவார். அப்புறம் எந்த அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று கேட்க நாதி கிடையாது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில் 38 பேர் போனார்கள். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். பசுமைத் தீர்ப்பாயம் போட்ட குழு விசாரித்தபோது இந்த உள்குத்தகைதான் வெளியே வந்தது. பேர் ஒருத்தருக்கு, லாபம் இன்னொருத்தருக்கு, சாவு மூணாவது ஆளுக்கு.

தோப்பு ரூமில் தங்கினால் யாரும் வெடித்துச் சாகப் போவதில்லை, தெரியும். ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு உங்க பிள்ளையை விரியன் கடித்தால் வண்டி எடுப்பது யார்? ஓனர் கோயம்புத்தூரில். வாட்ச்மேனுக்கு டூவீலர்கூட இல்லை. நீங்க 'தொந்தரவு' என்று சொன்னீங்களே, அந்த ஆள்தான் அப்போ வேணும்.

எங்க வீட்டு மாடியில் ரெண்டு ரூம் இருக்கு. கணக்கு வழக்கு எல்லாம் என் வீட்டம்மாதான். காலையில் கம்பங்கூழும் மோர் மிளகாயும், இல்லாட்டி இட்லி. அன்னிக்கு வீட்டில் என்னவோ அதுதான் உங்களுக்கும். மழை பொய்த்த வருஷம் எங்க தெருவில் பாதிப் பெண்கள் ஆலை வேனில் ஏறுகிறார்கள். ரெண்டு ரூம் வாடகை அந்த வேனை நிறுத்தாது. ஒரு வீட்டுப் பொம்பளை அதில் ஏறாமல் இருக்கலாம். எனக்கு அதுவே பெருசு.

இது நடக்காத காரியமும் இல்லை. பக்கத்தில் காரைக்குடியில் 'தி பங்களா'வை ஒரு குடும்பம்தான், மீனாட்சி மெய்யப்பன் குடும்பம், வளர்த்தெடுத்தது. செட்டிநாட்டுச் சாப்பாட்டுக்காகவே வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது. எங்க மாவட்டத்துக்கு என்ன குறைச்சல்? அரசு முத்திரையில் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம், விருதுநகரில் காமராஜர் வீடு, ரமணர் பிறந்த திருச்சுழி, வைப்பாற்றங்கரையில் அகழாய்வு நடந்த வெம்பக்கோட்டை, மேற்கே சாம்பல் அணில் வாழும் காடு, 2021-லிருந்து அது புலிகள் காப்பகமும்கூட. நீங்களோ தீபாவளிக்கு முன்னாடி சிவகாசிக்கு வந்து டிக்கி நிறையப் பட்டாசு வாங்கிக்கிட்டு, விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவோடு கிளம்பிடுறீங்க.

ஆகவே நண்பர்களே, ரூம் போடும் முன்னாடி போனில் ரெண்டே கேள்வி கேளுங்க. ராத்திரி இந்த வீட்டில் யார் படுப்பாங்க? அடுப்பைப் பத்த வைப்பது யார்? பதில் வரலைன்னா பணம் கட்டாதீங்க. பதில் வந்தா, கொடைக்கானலில் கேட்ட ரேட்டைக் கொடுத்துட்டு வர்ற நீங்க எங்ககிட்ட மட்டும் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசாதீங்க. பட்டாசு ஆலையைச் சுத்திக் காட்டுங்கன்னும் கேட்காதீங்க. அது செல்போனோடு வேடிக்கை பார்க்கிற இடமில்லை.

ஊர்க்காரங்களுக்கும் ஒண்ணு. தோப்பை வித்துட்டு அதே தோப்பில் வாட்ச்மேனாக நிற்காதீங்க. ஒரு ரூமை வெள்ளையடிச்சு, கக்கூஸைச் சுத்தமா வச்சு, நீங்களே விடுங்க.

யாரோட தொந்தரவும் இல்லாமல் தூங்கணும்னா பஸ் ஸ்டாண்டு பக்கம் நல்ல லாட்ஜ் இருக்கு, அதில் ஒரு தப்பும் இல்லை. வீடுதான் வேணும்னா, வீட்டுக்காரனும் சேர்ந்துதான் வருவான்.