விளையாட்டும் இலக்கணமும்

விளையாட்டு என்றவுடன் முகஞ் சுளிக்கும் ஆசிரியர் கூட்டத்தில் யானும் ஒருவனாகவே பல்லாண்டு இருந்தேன். கணினி விளையாட்டென்றாலோ சொல்லவேண்டியதில்லை. அது மாணவர்தங் கண்ணையுங் காலத்தையுங் கெடுப்பது என்பதே எனது துணிபு. அத்துணிபு சென்ற திங்களில் ஒரு மாலைப்பொழுதிலே தளர்ந்தது.

முன்னர் என்னிடம் பாலபண்டித வகுப்பிற் படித்து, இப்பொழுது கொழும்பிலே கணக்கு அலுவல் பார்க்கும் மாணவன் ஒருவன் தன் கணினியுடன் வந்தான். "ஐயா, ஓய்வு நேரத்திலே ஒரு விளையாட்டு எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆடிப் பார்க்கவேண்டும்" என்றான். 'எழுதியிருக்கிறேன்' என்ற சொல் என்னை இருத்திவிட்டது. படமில்லை, ஓசையில்லை. திரையிலே சில வரிகள்: பாழடைந்த ஒரு வீடு, சாத்திய ஒரு கதவு, முற்றத்திலே ஒரு மாமரம். அடுத்துச் செய்வது யாதென ஆடுவோர் எழுதவேண்டும்; அதற்கேற்பக் கதை நகரும்.

"கதவைத் திற" என எழுதினேன். "அப்படியொன்றும் இங்கே இல்லை" என்றது கணினி. "மரத்தில் ஏறு" என்றேன். அதற்கும் அதே விடை. மாணவன் நாணி, "ஐயா, 'கதவு திற', 'மரம் ஏறு' என்று எழுதினால் விளங்கிக்கொள்ளும்" என்றான்.

இவ்வகை விளையாட்டு அமெரிக்காவிலே தோன்றியது. கணினி வலையமைப்புப் பணியிலிருந்த வில் குரோதர் என்பவர், கென்ரக்கி மாநிலத்து மாமத் குகையிற் புகுந்து திரிந்தவர். 1970களின் நடுவிலே, தம் புதல்வியர் ஆடி மகிழுமாறு அக்குகையைச் சொற்களாலே அமைத்தார். 1977இல் டொன் வூட்ஸ் அதனை விரித்தார். ஆடுவோர் எழுதுவது ஓரிரு சொல். ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்தெழுத்தையே அந்நிரல் நோக்கும். பின்னர் இத்தகைய கதைகளை விற்கும் நிறுவனங்கள் எழுந்தன. அவற்றுட் பெயர்பெற்ற இன்போகொம் 1979இல் தொடங்கி 1989இல் மூடப்பட்டது. வணிகர் விட்டகன்ற இடத்தைப் பொழுதுபோக்காக எழுதுவோர் நிரப்பினர். கணித அறிஞரும் கவிஞருமாகிய கிரகாம் நெல்சன் 1993இல் இன்போம் என்னுங் கருவியை ஆக்கி இலவசமாக வழங்கினார். 2006இல் வந்த அதன் ஏழாம் வடிவத்திலே விதிகளை ஏறத்தாழ இயல்பான ஆங்கில வாக்கியங்களாகவே எழுதலாம். ஆடுவோர்க்குரிய உரிமைகளென ஒரு பட்டியலும் அவர் வகுத்தார். குறித்த ஒரே வினைச்சொல்லை எழுதும்படி ஆடுவோரை வருத்தலாகாது என்பது அவற்றுள் ஒன்று.

அவ்வுரிமை தமிழ் எழுதுவோர்க்கும் உண்டன்றோ? ஆங்கிலப் பெயர் வேற்றுமைக்கேற்ப உருத் திரிவதில்லை. சொல்லின் முற்பகுதியை நோக்கினாலே போதும். தமிழ் அத்தகையதன்று. 'மரம்' என்பது மகரங் கெட்டு அத்துச் சாரியை பெற்று 'மரத்தில்' ஆகும். வீடு 'வீட்டை' எனவும், ஆறு 'ஆற்றில்' எனவும் ஒற்றிரட்டும். 'கதவை' என்பதன் பின் 'திற' வரின் தகரம் மிகும். என் மாணவனின் நிரலோ அகராதிச் சொல்லை மட்டுமே அறியும். ஆகவே, பிழையற எழுதியவனைப் பிழை செய்தவனாக அது கொண்டது.

'மரம் ஏறு' என்பது தொகையாய் வழக்கிலுள்ளதே எனலாம். உண்மை. ஆயின், 'கல்லாற் பாம்பை அடி' என்பதை உருபு நீக்கிக் 'கல் பாம்பு அடி' என்றால் எதனால் எதனை அடிப்பது? 'ஓட்டைப் பார்' எனின் கூரை வேய்ந்த ஓட்டினை நோக்குதல். 'ஓட்டை பார்' எனின் துளையை நோக்குதல். இரண்டையும் வேறுபடுத்துவது, நாம் சிறிதெனக் கருதும் ஒரு பகரவொற்றேயாம். சிறுவர் நூறுமுறை உருபின்றி எழுதி ஆடுவராயின், இயந்திரத்துக்கு விளங்குவதே தமிழென எண்ணத் தலைப்படுவர்.

குற்றம் மாணவனுடையதா? அவனுக்குப் புணரியல் கற்பித்தவன் யானே. சூத்திரத்தை ஒப்பித்தற்குக் கற்பித்தேன். அதனைக்கொண்டு ஒன்றை ஆக்குதற்குக் கற்பித்திலேன். சொற்களைச் சேர்க்கும் முறையையே யாம் வகுப்பில் வற்புறுத்துகின்றோம். நிரலுக்கு வேண்டுவது சேர்ந்ததைப் பிரிக்கும் முறை. அன்றிரவு யான் விதி சொல்ல, அவன் அதனை நிரலாக்கினான். இடையிடையே, "இதற்கு விலக்கு உண்டா, ஐயா?" எனக் கேட்டான். வகுப்பிலே அவன் ஒருநாளும் கேளாத கேள்வி அது. நள்ளிரவு அண்மியபோது மீண்டும் "மரத்தில் ஏறு" என்றேன். "கிளையிலிருந்து பார்க்கக் கடல் தெரிகிறது" என விடை வந்தது. யான் அடைந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

ஆசிரிய அன்பர்களே, நாம் இம்முதுமையிலே நிரல் எழுதக் கற்கவேண்டுமென்று கூறவில்லை. நிரல் எழுதும் இளைஞன் வாயிலில் வந்து நிற்கும்போது, அவனை விளையாட்டுப்பிள்ளை என்று திருப்பி அனுப்பாதிருந்தாற் போதும். மாணவர்களே, கதை புனையும் ஆர்வமும் கணினிப் பழக்கமும் உங்களிடத்து ஒருங்கே உள்ளன. இலக்கண நூலையும் அவற்றின் பக்கத்திலே விரித்து வைத்துக்கொள்ளுங்கள். என் மாணவனின் வீட்டிலே இன்னும் திறவாத அறைகள் பல உள. அடுத்த விடுமுறைக்கு அவன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஆறாம் வேற்றுமையை எடுத்து வைத்துக் காத்திருக்கிறேன்.