ரெண்டு விஜயன்

அமாவாசை ராத்திரி மேல்மலையனூர் பஸ் படியில் தொங்கும் இளைஞர்களிடம், ‘ஃபுட்பால் விஜயன் தெரியுமா?’ என்று கேளுங்கள். ‘தெரியாம என்ன சார், “திமிரு” வில்லன்தானே!’ என்பார்கள்.

அவர் திருச்சூர் ஐ.எம். விஜயன். ஸ்டேடியத்தில் சோடா விற்ற பையன், இந்திய கேப்டன் ஆனார். 2025-ல் பத்மஸ்ரீ. ஆனால் நம்ம பக்கம் பேர் வாங்க, அவர் 2006-ல் விஷாலோடு மோத வேண்டியிருந்தது!

போகட்டும், இன்னொரு விஜயன் இருக்கிறார். ராமன் விஜயன். அசல் தமிழ்நாட்டுக்காரர். 1997-98 தேசிய லீகில் எஃப்.சி. கொச்சினுக்கு ஆடி 10 கோல்! அந்த வருஷம் இந்தியாவிலேயே அவர்தான் டாப். ரிட்டயர் ஆனதும் கோச்சாகி, பசங்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார்.

அதே பஸ்ஸில் அவர் பேரையும் சொல்லிப் பாருங்களேன்.

‘எந்தப் படம் சார்?’