அமைச்சர்கள் ஷேர் டிப்ஸ் தரலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 ஜூன் 4 அன்று, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாளில், பங்குச் சந்தை சரிந்ததை வைத்து ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளும் மாறி மாறி அறிக்கை விட்டன. எத்தனை லட்சம் கோடி போயிற்று, யார் வாங்கினார்கள், யார் விற்றார்கள் என்பதிலேயே பேச்சு சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பதவியில் இருக்கும் ஓர் அமைச்சர், நாள் குறித்து, ‘ஷேர் வாங்கிப் போடுங்கள்’ என்று ஊருக்குச் சொல்லலாமா?

சொல்லியிருக்கிறார்கள். மே 13 அன்று தொலைக்காட்சிப் பேட்டியில் உள்துறை அமைச்சர் அமித் ஷா, ஜூன் 4-க்கு முன்பே வாங்கிவிடுங்கள், சந்தை ஏறும் என்ற பொருளில் பேசினார். சில நாள் கழித்துப் பிரதமரும், தேர்தல் முடிவு வரும் வாரத்தில் சந்தை ஏறுகிற வேகத்தில் அதை இயக்குகிறவர்களே களைத்துப்போவார்கள் என்றார். ஜூன் 1, சனிக்கிழமை மாலை ஆளுங்கட்சிக்குச் சாதகமாக வாக்குக் கணிப்புகள் வந்தன. திங்களன்று சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறி 76,469-இல் முடிந்தது. செவ்வாயன்று பா.ஜ.க. தனிப் பெரும்பான்மையை எட்டாமல் 240 இடத்தில் நின்றது. சென்செக்ஸ் 4,390 புள்ளி இறங்கி 72,079-க்கு வந்தது. அன்று ஒரே நாளில் வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் விற்ற பங்குகள், வாங்கியது போக, 12,000 கோடி ரூபாய்க்கு மேல்.

31 லட்சம் கோடி ரூபாய் ‘அழிந்தது’ என்று எதிர்க்கட்சிகள் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. அது அன்றைய விலையில் போட்ட காகிதக் கணக்கு. விற்காதவருக்கு அது நஷ்டமே இல்லை. என் ஆட்சேபம் வேறு.

முதலீட்டு ஆலோசனையைத் தொழிலாகச் செய்கிறவர் 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு செய்திருக்க வேண்டும். அதற்குத் தேர்வு எழுத வேண்டும். தொலைக்காட்சியில் ஒரு பங்கைப் பரிந்துரைக்கும் ஆய்வாளர், அந்தப் பங்கு தன் கையில் இருக்கிறதா இல்லையா என்பதை வெளிப்படுத்த வேண்டும். யூடியூபில் பேசும் நம் ஊர்ப் பையன்கள்கூட, ‘இது பரிந்துரை அல்ல, கல்விக்காக மட்டும்’ என்று ஒரு வரி போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். கோடிக்கணக்கானோர் கேட்கும் வாய்க்கு மட்டும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

இன்னொன்று, இதை யாரும் பேசக் காணோம். ஸ்டேட் வங்கி, எல்.ஐ.சி., என்.டி.பி.சி., ஓ.என்.ஜி.சி., கோல் இந்தியா ஆகியவற்றின் மிகப் பெரிய பங்குதாரர் மத்திய அரசு. எல்.ஐ.சி.யில் 96 சதவீதத்துக்கு மேல் அரசின் கையில்தான் இருக்கிறது. சந்தைச் சட்டத்தின் பார்வையில் இந்நிறுவனங்களின் ‘புரமோட்டர்’, அதாவது கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருப்பவர், அரசே. தனியார் கம்பெனி ஒன்றின் புரமோட்டர் கேமரா முன் உட்கார்ந்து, ‘இந்தத் தேதிக்குள் வாங்குங்கள், ஏறும்’ என்று சொன்னால் செபி சும்மா இருக்குமா? மறுநாளே விளக்கம் கேட்டு நோட்டீஸ் போயிருக்கும். அமைச்சர் எந்தக் கம்பெனியின் பெயரையும் சொல்லவில்லை, மொத்தச் சந்தையைத்தான் சொன்னார் என்பது பதிலாகாது. தேர்தலை நம்பி அதிகம் ஏறியவை பொதுத்துறைப் பங்குகள். செவ்வாயன்று அதிகம் அடி வாங்கியவற்றில் முன்வரிசையில் நின்றவையும் அவையே. ஸ்டேட் வங்கிப் பங்கு ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தது.

இதே நாட்களில் ரிசர்வ் வங்கி எப்படி நடந்துகொண்டது என்று பாருங்கள். மே 22 அன்று, ஐந்தாம் கட்ட வாக்குப்பதிவுக்கும் ஆறாம் கட்டத்துக்கும் இடையில், 2,10,874 கோடி ரூபாய் உபரியை மத்திய அரசுக்குத் தருவதாக அதன் இயக்குநர் குழு முடிவெடுத்தது. முந்தைய ஆண்டு தந்தது 87,416 கோடி. அரசு கடன் வாங்கவேண்டிய தேவை குறையும் என்ற கணக்கில் மறுநாள் பங்குச் சந்தை புது உச்சம் தொட்டது. தேர்தல் நேரத்தில் இவ்வளவு பெரிய தொகையா என்று கேட்கலாம், நானும் கேட்டேன். ஆனால் அது ஆண்டுதோறும் கணக்கு முடித்து எடுக்கும் முடிவு, விதிமுறை வகுத்து வைத்திருக்கிறார்கள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அறிக்கையாக வந்தது. வாங்குங்கள், விற்றுவிடுங்கள் என்று ஆளுநர் சொல்லவில்லை.

அதே ரிசர்வ் வங்கியில் வட்டி விகிதத்தை முடிவு செய்யும் பணக்கொள்கைக் குழுவின் ஆறு உறுப்பினர்களும் முடிவுக்கு ஏழு நாள் முன்னும் ஏழு நாள் பின்னும் கொள்கை பற்றி வெளியில் வாய் திறக்கக் கூடாது. கால் சதவீத வட்டியை முடிவு செய்கிறவர்களுக்கு இவ்வளவு வாய்ப்பூட்டு. ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி அந்தக் குழுவை 2016-இல் அமைத்ததும் இதே அரசுதான். அந்தக் கட்டுப்பாட்டில் பாதியாவது தனக்கும் வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை.

இது ஒரு கட்சியின் நோய் என்றும் நான் சொல்லமாட்டேன். 2004 மே 17 அன்று, இடதுசாரித் தலைவர்கள் பொதுத்துறைப் பங்கு விற்பனையைப் பற்றிப் பேசிய பேச்சில் சந்தை கலங்கி, வர்த்தகத்தை இருமுறை நிறுத்தவேண்டி வந்தது. சென்செக்ஸ் 11 சதவீதம் சரிந்து முடிந்தது. அவர்களாவது தங்கள் கொள்கையைச் சொன்னார்கள். வாங்கவோ விற்கவோ யாரையும் அழைக்கவில்லை.

‘ஜூன் 7-ஆம் தேதியே சந்தை மீண்டுவிட்டதே, பிறகென்ன?’ என்கிறார்கள். உண்மைதான். வெள்ளியன்று ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலேயே வைத்தது, வளர்ச்சிக் கணிப்பை 7.2 சதவீதமாக உயர்த்தியது. சென்செக்ஸ் 76,693-இல் முடிந்தது. ஆனால் நிஃப்டியின் வாராந்தர ஆப்ஷன் அப்போதெல்லாம் வியாழனோடு முடிந்துவிடும். சந்தை ஏறும் என்று பந்தயம் கட்டும் கால் ஆப்ஷனைத் திங்களன்று உச்சத்தில் வாங்கி வைத்திருந்தவனுக்கு வியாழன் மாலை கையில் அநேகமாகப் பூஜ்யம்தான். சந்தை வெள்ளிக்கிழமை மீண்டதால் அவனுக்கு என்ன லாபம்? கடனில் பங்கு வாங்கியவர்களின் கதை இன்னும் மோசம். மார்ஜின் (பிணைப்பணம்) போதவில்லை என்று செவ்வாயன்றே அடிமட்ட விலையில் தரகு நிறுவனமே விற்றுத் தள்ளியிருக்கும். ஈரோட்டுப் பக்கத்தில் ஜவுளிக்கடை கணக்குப்பிள்ளையிலிருந்து கல்லூரி முடித்த பையன் வரை ஆப்ஷன் வாங்கிப் பார்க்காதவர்கள் குறைவு. எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வியாபாரத்தில் இறங்கும் தனிநபர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நஷ்டப்படுகிறார்கள் என்று 2023-இல் செபியே ஆய்வறிக்கை வெளியிட்டது. அப்படிப்பட்ட கூட்டத்தை நோக்கித்தான் ‘வாங்குங்கள்’ என்ற குரல் போனது. சூதாட்டத்தில் இறங்கியவன் தலையெழுத்து என்று கைகழுவலாம். ஆட்டத்துக்கு அழைத்தவர் யார் என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும் அல்லவா?

நாடாளுமன்றக் கூட்டுக் குழு விசாரணை வேண்டும் என்று ராகுல் காந்தி கேட்டார். 1992-இலும் 2001-இலும் பங்கு ஊழல்களுக்காகக் கூட்டுக் குழு அமைத்துப் பார்த்தோம். இப்போது அமைத்தாலும் கட்சிவாரியாகப் பிரிந்து நின்று சண்டை போட்டுக் கலைவார்கள் என்பதே என் எண்ணம். தேவை ஒரே ஒரு விதி. அமைச்சர்களுக்கான நடத்தை விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. மத்திய, மாநில அமைச்சர்கள் எல்லோருக்கும் பொருந்துபவை. அவற்றை வைத்திருப்பது உள்துறை அமைச்சகம் என்பதுதான் வேடிக்கை. பங்குகளின் விலைப்போக்கு பற்றியோ, அவற்றை வாங்குவது விற்பது பற்றியோ எந்த அமைச்சரும் பொதுவெளியில் ஆலோசனை கூறக் கூடாது என்று அந்த விதிகளில் ஒரு பிரிவு சேர்க்கட்டும். பிரதமருக்கும் அது பொருந்தட்டும். செபியும் இதில் தன் நிலை என்ன என்பதை எழுத்தில் சொல்லட்டும்.

2024 ஜூன் 24 அன்று புதிய மக்களவை கூடியது. தமிழ்நாட்டிலிருந்து போயிருக்கும் 39 உறுப்பினர்களில் ஒருவராவது இந்த விதியைக் கேட்டு எழுந்து நிற்க வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு.