கத்திக்கு முந்தி கை

போதை ஊசி என்றாலே நம்ம தோழர்களுக்கும் முகம் சுளிக்கிறது. 'தானாத் தேடிக்கிட்டான், கெடக்கட்டும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். மத்திய சமூகநீதி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் ஊசி வழியாகப் போதை ஏற்றுகிறவர்கள் சுமார் 8.5 லட்சம் பேர். இத்தனை பேரையும் ஒரு வரியில் முடிக்க நாம யாரு?

கை நரம்பெல்லாம் குத்திக் குத்திச் சுருண்ட பிறகு ஊசி தொடை இடுக்குக்கு இறங்குகிறது. அங்கே சிரையை ஒட்டியே தமனி ஓடுகிறது. குறி தப்பினால் தமனிச் சுவர் கிழியும், கிருமியும் உள்ளே போகும். கசிந்த ரத்தம் சதைக்குள் தேங்கிக் கட்டியாக எழும். பார்வைக்கு வெறும் சீழ்க்கட்டி. விரல் வைத்தால் பல நேரம் துடிப்பு தெரியும், தெரியாமலும் போகலாம். அதனால் ஸ்கேன் பார்க்காமல் கீறக்கூடாது. கீறினால் ரத்தம் பீறிட்டு உயிரே போகலாம். தொடக் கூசுகிற கை இங்கே கொலை செய்யும். அந்தக் கூச்சத்தை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

சிகிச்சை இதுதான்: மேலே தமனியைப் பிடித்து ரத்தத்தை நிறுத்தி, அழுகியதை வெட்டி எடுத்து, முனைகளைக் கட்டி, புண்ணைத் திறந்தே வைத்து ஆற்றுவது. கிளை நாளங்களின் ரத்தத்தில் பெரும்பாலோருக்குக் கால் தப்பும். சிலருக்கு நடந்தால் வலிக்கும், சிலர் காலையே இழப்பார்கள். உடனே மாற்றுக் குழாய் வைப்பதா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சீழுக்குள் செயற்கைக் குழாய் வைத்தால் அதுவும் சீழ்ப்பிடித்து உடையலாம். சொந்தச் சிரையோ பலருக்கு ஏற்கெனவே பாழ். இந்த வாதத்தை ஒத்துக்கொள்கிறேன். 'மறுபடி ஊசி போடத்தானே போறான், இவனுக்கு எதுக்கு?' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அது மருத்துவம் இல்லை, தண்டனை. கட்டிய பின் கால் சாகத் தொடங்கினால், சீழ்ப்பட்ட இடத்தைச் சுற்றி வேறு பாதையில் குழாய் கொண்டுபோக முடியும். அதைக் கேட்கிற உரிமை அந்தக் காலுக்கு உண்டு.

நான் வங்கி குமாஸ்தா. வாராக்கடன் பட்டியல் எழுதத் தெரியும். அதில் மனுஷன் பெயரை எழுதச் சொன்னால் பேனாவை மூடிவிடுவேன்.

வார்டில் போதை இறங்கும்போது உடம்பு முறுக்கும், நடுங்கும். அதைக் கவனிக்காவிட்டால் புண் ஆறுமுன்னே அவர் எழுந்து போய்விடுவார். நாக்கடியில் வைக்கிற பியூப்ரெநார்ஃபின் மாத்திரையை அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமே தருகிறது. அது அறுவை வார்டுக்கும் வரவேண்டும்.

மருத்துவம் படிக்கிற மாணவத் தோழர்களே, இதை உங்கள் கல்லூரியில் கேளுங்க. 'இவன் யாரு'ங்கிற கேள்வியை வெளியே நிறுத்துங்க. கட்டி துடிக்குதா, கால் சூடா இருக்கா? அதை மட்டும் பாருங்க.