செம்பு காப்பாத்தாது

"நம்ம ஆத்துத் தண்ணில செம்பு கெடக்கு வே, எந்தக் கிருமியும் தங்காது." குறுக்குத்துறை படித்துறையில் பத்து நிமிஷம் நின்றால் போதும், யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். கூடவே பொதிகை மூலிகை, அல்வாவின் ருசி என்று பேச்சு நீளும். தாமிரபரணியைப் பிடித்த முதல் நோயே இந்தப் பெருமைதான். நமக்கு நாமே அல்வா கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

செம்புக் குடம் பாக்டீரியாவைக் கொல்லும், உண்மைதான். ராத்திரி ஊற்றி வைத்த தண்ணீர் மணிக்கணக்கில் உலோகத்தைத் தொட்டுக்கொண்டு சும்மா நிற்கிறது, அதனால் கொல்லும். ஆறு என்ன குடமா? அது ஓடுகிறது. ஓடுகிற வழியெல்லாம் மாநகரத்துச் சாக்கடை வந்து சேர்கிறது. பேரில் தாமிரம் இருப்பதால் தண்ணீரில் மருந்து இருக்கும் என்றால், சங்கப் புலவர்கள் அதைப் 'பொருநை' என்று அழைத்தபோது மருந்து இல்லாமலா ஓடியது?

ஈ.கோலி பெரும்பாலும் அப்பாவி, நம் குடலிலேயே குடியிருப்பது. ஆனால் ஆற்றில் அது தென்பட்டால் மலம் கலந்ததற்குச் சாட்சி. மலம் வந்த வழியில் டைஃபாய்டும் காலராவும் மஞ்சள் காமாலையும் வரலாம். குளிக்கும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு மொத்தக் கோலிஃபார்ம் 500-ஐத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். குடிநீரில் ஈ.கோலி அறவே கூடாது.

அதே வாரியம் 2018-இல் வெளியிட்ட மாசடைந்த ஆறுகளின் பட்டியலில் தாமிரபரணியும் உண்டு. ஐந்து அடுக்கில் கடைசி அடுக்குதானே என்று ஆறுதல் தேடாதீர்கள். அந்த அடுக்கு பி.ஓ.டி.யை வைத்துப் போட்டது, கிருமியை எண்ணிப் போட்டதல்ல. அந்த வருஷம் அக்டோபரில்தான் 144 வருஷத்துக்கு ஒருமுறை என்று மகா புஷ்கரம் கொண்டாடி லட்சக்கணக்கில் முங்கி எழுந்தோம்.

பாபநாசத்தில் பரிகாரத்துக்கு விட்ட துணியை அள்ளி ஃபோட்டோ போடுகிறோம். நல்ல காரியம், செய்யுங்கள். ஆனால் துணி கண்ணுக்குத் தெரியும். தெரியாததை யார் அள்ளுவது? 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் பி.புகழேந்தியும் நேரில் வந்து பார்த்தார்கள். நீதிபதி வந்து பார்க்க வேண்டிய விஷயமா இது? மூக்கு இருந்தால் போதாதா?

"அதான் குளோரின் போடுறாங்கல்லா?" போடுகிறார்கள், குழாய்த் தண்ணீருக்கு. அழுக்கு கூடக் கூட குளோரின் அதிலேயே செலவழிந்துவிடும். கிரிப்டோஸ்போரிடியம் மாதிரி தடித்த ஓடுள்ள கிருமிகள் வழக்கமான அளவு குளோரினுக்கு அசையவே அசையாது. படித்துறையில் துணி துவைக்கிற பெண்ணுக்கும், முங்கி வாயில் தண்ணீர் அள்ளிக் கொப்பளிக்கிற பையனுக்கும் யார் குளோரின் போடுவது?

'ஆழமான பகுதி, குளிக்காதீர்கள்' என்று போர்டு வைக்கத் தெரிகிறதல்லவா? பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஒவ்வொரு படித்துறையிலும் பக்கத்திலேயே இன்னொரு போர்டு வையுங்கள். அதில் இந்த மாதக் கோலிஃபார்ம் எண்ணிக்கை, மாதிரி எடுத்த தேதி, சாக்கடையை அடைக்க வேண்டிய அதிகாரியின் பதவி. 500-ஐத் தாண்டினால் எண்ணைச் சிவப்பில் எழுதுங்கள்.