கட்டிலைத் தூக்க நான்கு பேர்

ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ ஒரு ஞாயிறு ஆராதனையில் போய் உட்காருங்கள். ஜெப விண்ணப்பங்களில் புற்றுநோய் இடம்பெறாத வாரம் அரிது. "அம்மாவுக்கு கீமோ ஏத்துறாங்க, ஜெபத்துல நினைச்சுக்கோங்க" என்று ஒரு பெண் எழுந்து சொல்கிறாள். சபை கண்மூடி ஜெபிக்கிறது. பிறகு காணிக்கைப் பாட்டு. திங்கட்கிழமை விடியலில் அம்மாவும் மகளும் மட்டும் வேலூர் பஸ்சுக்கு நிற்கிறார்கள். மகளுக்கு அன்று ஷூ கம்பெனியில் சம்பளம் இல்லை.

அந்த ஜெபத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. நம்மூரில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு அறைக்குள் நோயாளி தனியாகத்தான் இருக்க வேண்டும். வாயிலோ கழுத்திலோ புற்று என்றால், அவர் முகத்தின் மேலேயே அச்செடுத்த பிளாஸ்டிக் முகமூடியை மாட்டி மேசையோடு பூட்டுவார்கள். உடம்பிலோ முகமூடியிலோ போட்ட மை அடையாளம் அழியக் கூடாது. தலையை அசைக்கக் கூடாது. டெக்னீஷியன் வெளியே போய்க் கனத்த கதவைச் சாத்துவார். ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான். அந்த நிமிடங்களை இருபத்து மூன்றாம் சங்கீதத்தை மனதுக்குள் சொல்லிக் கடப்பவர்கள் உண்டு. பக்கத்து நாற்காலியில் காத்திருப்பவர் துஆ ஓதியோ முருகனை நினைத்தோ கடப்பார். பொதுவாக வாரம் ஐந்து நாள், பல வாரம் தொடரும் சிகிச்சை இது. நடுவில் நாள் விட்டுப்போனால் பலன் குறையும். நாக்கில் ருசி போய், தொண்டை புண்ணான பிறகும் மறுநாள் எழுந்து வரச் செய்வது எதுவோ, அதுவும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வார்டுகளுக்கு வந்து நோயாளியோடு உட்கார்ந்து பேச ஆயர்கள் இருப்பது இதை அறிந்துதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. குணமானால் சாட்சி, குணமாகாவிட்டால் "விசுவாசம் போதவில்லை" என்று ஒரு பேச்சு நம் சபைகளில் ஓடுகிறது. மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்று சொல்லும் துணிச்சலும் சிலருக்கு வந்துவிட்டது. இவர்கள் மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை மறுபடி வாசிப்பது நல்லது. திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வருகிறார்கள். கூட்டத்தில் வழியில்லை, கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குகிறார்கள். இயேசு அங்கே சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தைத்தான் கண்டதாக எழுதியிருக்கிறது. படுத்திருந்தவனிடம் உனக்கு எவ்வளவு விசுவாசம் என்று யாரும் அளந்து பார்க்கவில்லை.

மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதும் இப்படிச் சுமக்கிற வேலையைத்தான். 1909இல் ஒரு பெஜோ கார் கிடைத்ததும் அதை எடுத்துக்கொண்டு குடியாத்தம் சாலையில் மரத்தடி மரத்தடியாக நிறுத்தி வைத்தியம் பார்த்தார். நோயாளி வந்து சேரட்டும் என்று காத்திருக்கவில்லை. அவர் ஊன்றியதுதான் இன்று வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் ரயிலேறி வரும் சி.எம்.சி. மருத்துவமனை. ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் ஆம்பூர்ப் பெண் கூலி போய்விடும் என்று பரிசோதனையைத் தள்ளிப்போட்டால், அந்தக் குறை மருத்துவமனையுடையதா, நம்முடையதா?

கூலிக் கணக்கையும் பார்ப்போம். கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவருக்குச் சாதாரண நோய் விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி உண்டு. புற்றுநோய் என்றால், இரண்டு ஆண்டு தொடர் வேலை இருந்தால், நீட்டித்த பயன் 80 சதவீதம். அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை. இது தெரியாமல் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எச்.ஆர். மேசையில் இருப்பவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சபை அறிவிப்பில் கல்யாண ஓலைக்கு அடுத்து இதையும் வாசித்தால் ஆராதனை ஒன்றும் கெட்டுப்போகாது. வீட்டுத் திண்ணையில் ஜோடிக் கணக்கில் ஷூவின் அப்பர் தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கோ ஈ.எஸ்.ஐ.யே இல்லை. அவர்கள் படுத்தால் அன்றோடு வருமானம் நின்றது. ஜமாத்தின் பைத்துல்மால், சபையின் ஏழை நிதி, கோயில் கமிட்டி எல்லாம் தனித்தனியாக உதவுகின்றன. ஒருவருக்கு இரண்டு முறை கிடைத்து, அடுத்த தெருவில் ஒருவருக்கு ஒன்றுமே கிடைக்காமல் போவதும் நடக்கிறது. மூன்று தரப்பும் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்தால் என்ன? ரத்தமும் பிளேட்லெட்டும் கேட்டு வாட்ஸ்அப்பில் அலையும் குடும்பத்துக்கும் அந்த மேசையே விடை சொல்லலாம். ரத்தப் பிரிவுதான் பார்க்க வேண்டும், மதம் தேவையில்லை.

முதலாளிகளிடம் கேட்க வேண்டியது இன்னும் கடினமானது. தோல் தூசியும், சில பசைகளில் இருக்கும் பென்சீனும் மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. இன்னாருக்கு வந்த நோய் தோல் ஷாப்பால்தான் வந்தது என்று கைநீட்டிச் சொல்ல முடியாது. அப்படிச் சொல்வது அவசரம். ஆனால் காற்றுப்போக்கியும் முகக்கவசமும் கேட்க அந்த நிரூபணம் எதற்கு? கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று, தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்ட பாலாற்றுக்காக உச்ச நீதிமன்றம் 1996இல் சொன்னது. அதே ஆற்றுக்காக 2025 ஜனவரியில் மறுபடி சொல்ல வேண்டி வந்தது.

அரசு தன் பங்குக்கு 2023இல் வாய், மார்பு, கருப்பைவாய்ப் புற்றுக்கான பரிசோதனையை நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அவற்றில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் நம்முடையவை. அழைப்புச் சீட்டு வீட்டுக்கு வருகிறது. ஆனால் பரிசோதனை நேரம் ஷிப்டு நேரமாக இருக்கிறது. கருப்பைவாய்ப் பரிசோதனை என்றதும் கூச்சம் வேறு. ஆயரின் மனைவியும் ஜமாத் தலைவர் வீட்டம்மாவும் முதல் ஆளாகப் போய் வந்தால் பாதிக் கூச்சம் போய்விடும். மீதியைக் கம்பெனி பார்த்துக்கொள்ளலாம்: கூலி பிடிக்காமல், ஷிப்டுக்குள்ளேயே, வளாகத்திலேயே ஒரு அறை ஒதுக்கி செவிலியரை வரவழைக்கலாம். லைனுக்கு அரை நாள் டார்கெட் குறையும். ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏற்றும் தொழிலுக்கு அது தாங்காத நஷ்டம் அல்ல.